சூடு தெரியாத கால்

கல்லிடைக்குறிச்சி
20-8-2024

கலையரசிக்கு,

அண்ணன் சிவசைலம் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினாறு தடவை போன் அடித்திருக்கிறாய். எடுக்க மாட்டேன். நேரில் வந்தாலும் பேச மாட்டேன். சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதி, புது பஸ் ஸ்டாண்டில் நம் வண்டி நிற்கும்போது கண்டக்டர் சுந்தரிடம் கொடு. எழுத்தில் ஒரு சௌகரியம், குறுக்கே பேச முடியாது. உன்னிடம் வாயால் ஜெயித்தவர்கள் கிடையாது.

பள்ளிக்கூட மைதானத்தில் உங்கள் ஆட்கள் சர்க்கரை நோய் முகாம் போட்டீர்கள். நல்லது. ரத்தம் எடுத்தீர்கள், எடை பார்த்தீர்கள். அதோடு போயிருக்கலாம். நீ மைக்கைப் பிடித்து, "பூக்குழி இறங்குனேன், சூடே தெரியலன்னு ஒருத்தர் சொன்னா அது அம்மன் அருள் இல்ல, அவரு காலுக்கு உணர்ச்சி செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றாய். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? ஆடிக் கொடையில் பூக்குழி இறங்கிவிட்டு, கோயில் மைக்கில் "தண்ணியில நடந்த மாதிரி இருந்தது" என்று சொன்னவன் நான் ஒருத்தன்தான். மைதானத்தில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன், "டிரைவர் அண்ணாச்சிக்குச் சீனி போடாதேரும்வே, உள்ளயே ஒரு மூட கெடக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்று காலை முதலாளி கூப்பிட்டுவிட்டார். "என்ன சிவசைலம், காலுல கோளாறுன்னு சொல்லுதாவளே, பிரேக்க மிதிக்க முடியுதா?"

பத்தொன்பது வருஷமாக அவர் வண்டியைப் பாபநாசத்துக்கும் திருநெல்வேலிக்கும் ஓட்டுகிறேன். ஒரு ஆட்டுக்குட்டியை அடித்ததில்லை. "தங்கச்சி படிச்சத ஒப்பிச்சிட்டா மொதலாளி, அது என்னைச் சொல்லல" என்று சொல்லித் தப்பித்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. உனக்கு ஒரு முகாம் முடிந்தால் அடுத்த முகாம். எனக்கு இந்த ஒரு ஸ்டியரிங்தான் தெரியும்.

சிவசைலம்


தச்சநல்லூர்
25-8-2024

அண்ணனுக்கு,

மைக்கில் சொன்னது தப்பு. உன்னிடம் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன விஷயம் தப்பில்லை. இரண்டையும் சேர்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே.

கொடை அன்று சாயங்காலம் நான் நம் வீட்டில் இருந்தேன். நீ பூக்குழி இறங்கி வந்து, மதினி பரிமாற, சம்மணம் போட்டுச் சாப்பிட்டாய். எழுந்து கை கழுவப் போனாய். சிமெண்டுத் தரையில் நீ வைத்த ஒவ்வொரு அடியும் ஈரமாகப் பதிந்தது. தண்ணீரை மிதித்துவிட்டாய் என்று மதினி துணி எடுத்து வந்தாள். அது தண்ணீர் இல்லை. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து வந்த நீர். "ஏங்க, தோலு உரிஞ்சு தொங்குது" என்று அவள் அலறிய பிறகுதான் நீ குனிந்து பார்த்தாய். அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

உன்னோடு இறங்கிய மற்றவர்கள் கோயில் கிணற்றடியில் வாளியில் காலை வைத்துக்கொண்டு முனகினார்கள். அம்மனுக்கு அவர்கள் மேல் என்ன கோபம்?

அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால் முள் குத்திச் செத்தார் என்கிறோம். இருபது வருஷமாக இதையே சொல்கிறோம். வயலில் முள் குத்தாத ஆள் யார்? அவருக்கு முள் குத்தியது மூன்று நாள் தெரியவில்லை. அதுதான் காரணம். வீட்டில் யாருக்கும் சர்க்கரை என்ற சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. முள்ளின் மேல் பழியைப் போட்டால் முள் வந்து மறுக்காது.

நீ ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். ஒன்று மட்டும் செய். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை மதினி தன் விரல் நுனியால் பைய, பூவைத் தொடுவதுபோல, ஒரு நொடி தொடட்டும். அழுத்தக் கூடாது. தொட்டது தெரிந்தவுடன் எந்தக் கால் என்று நீ சொல்ல வேண்டும். இரண்டு மூன்று விரலில் தெரியாமல் போனால் எனக்கு எழுது. எல்லாம் தெரிந்தால் நான் நடுத்தெருவில் மைக் வைத்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைச் சுந்தர் அண்ணனிடம் கொடுக்கும்போது நீ ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு நேரே எதிரே இருக்கும் கழிப்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். பார்.

கலையரசி


கல்லிடைக்குறிச்சி
3-9-2024

கலையரசிக்கு,

உங்கள் முகாமில் கொடுத்த நோட்டீசை உன் மதினி பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறது. படத்தில் ஒருவர் வெள்ளை ஷூ போட்டுப் பூங்காவில் நடக்கிறார். பக்கத்தில் ஆப்பிள், ஒரு கிண்ணம் நிறையக் கொட்டைப் பருப்பு. இந்த நோட்டீசை எழுதியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல். அவரை ஒரு நாள் என் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

காலை நாலே முக்காலுக்கு முதல் நடை. ராத்திரி ஒன்பதரைக்குச் செட்டில் வண்டியை விடுகிறேன். நடுவில் எட்டு நடை. ஒவ்வொரு முனையிலும் ஏழு நிமிஷம். அதற்குள் ஒன்றுக்குப் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும். வண்டியைக் கடை முன்னால் நிறுத்துவதால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ இலவசம், வடை இலவசம். மத்தியானம் ஓட்டலில் பரோட்டா இலவசம். கீரை யாரும் இலவசமாகக் கொடுப்பதில்லை. சீனி இல்லாத டீ கேட்டால், "என்ன அண்ணாச்சி, வந்துட்டா?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒருவன் நாளுக்கு எட்டு டீ சீனியோடு குடிப்பான். நான் குடிக்கிறேன்.

ஆமாம், வந்துவிட்டது. மூன்று வருஷம் ஆகிறது. அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரிடம் பார்த்தேன். சாப்பிட்ட பின் 268. மாத்திரை சாப்பிட்டேன், நம்பர் இறங்கியது, சரியாகிவிட்டது என்று விட்டேன். அப்புறம் அவரிடம் போகிறபோதெல்லாம் மூன்று நாள் முந்தியே பத்தியம். ராத்திரி சோறு கிடையாது, விடிந்ததும் பாகற்காய்ச் சாறு. நம்பர் நன்றாக வரும். "கெட்டிக்காரர்வே நீரு" என்று அவர் தட்டிக்கொடுப்பார். வாசலிலேயே டீ குடித்துவிட்டு வண்டி ஏறுவேன். பரீட்சைக்கு முந்தின நாள் படித்துத் தேறுகிற பிள்ளை மாதிரி. செட்டில் எல்லா டிரைவரும் இப்படித்தான். யாருக்கு இருக்கிறது என்று எங்களுக்குள் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் சண்டை போட மாட்டார். "உடம்பப் பாத்துக்கிடும்" என்று அன்பாகச் சொல்லி, மறுநாள் வேறு ஆளை ஏற்றுவார்.

நீ எழுதிய தொடுகிற வேலையைச் செய்யவில்லை. நேரமில்லை. ஒன்று கேட்கிறேன். அப்பா எனக்கு மட்டும் அப்பா இல்லை. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்கிறாயே, உன் ரத்தத்தை எடுத்தாயா?

சிவசைலம்


தச்சநல்லூர்
14-9-2024

அண்ணனுக்கு,

எடுக்கவில்லை. நீ கேட்ட பிறகு எடுத்தேன். 6.1. இது ஒரு நாள் நம்பர் இல்லை, மூன்று மாதத்துச் சராசரி. உன் பாகற்காய்ச் சாறு இதனிடம் பலிக்காது. 5.7க்குக் கீழே இருக்க வேண்டும். ஆறரையைத் தொட்டால் நோய். நான் நடுவில் நிற்கிறேன். எனக்கு வயது இருபத்தொன்பது. நாலு வருஷமாக ஊருக்குச் சொல்கிறேன். முகாம் நடக்கிற நாட்களில் மத்தியானம் பிரியாணிப் பொட்டலம், பாட்டிலில் குளிர்பானம். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ஜீப்பில் உட்கார்ந்து போவோம்.

நோட்டீஸ் பற்றி நீ எழுதியது சரி. அதை எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன், உன் பெயரைச் சொல்லாமல். மேலதிகாரி, "நல்ல கருத்து" என்றார். அடுத்த அயிட்டத்துக்குப் போய்விட்டார். பதினாறு மணி நேரம் ஒருவனை உட்கார வைத்து வேலை வாங்குகிற ஆளுக்கு எந்த நோட்டீசும் அச்சடிப்பதில்லை. சர்க்கரை வந்தவனிடம்தான், நீ ஏன் நடக்கவில்லை, நீ ஏன் கீரை தின்னவில்லை என்று கேட்கிறோம். எனக்கு இந்த வேலையே சில நாள் வெறுத்துப்போகிறது.

ஆனால் உன் முதலாளி மேல் எனக்கு வரும் கோபம் உன் காலைக் காப்பாற்றாது. வண்டியில் நிற்கிறவர்களையும் காப்பாற்றாது. காலையில் உன் வண்டியில் எழுபது பேர் வருகிறார்கள். பாதிப் பேர் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். பிரேக் எங்கே இருக்கிறது என்று உன் காலுக்குத் தெரிகிறதா, பழக்கத்தில் போகிறதா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்கே சொல்லிக்கொள்.

இந்த மாதக் கடைசிக்குள் நீயே முதலாளியிடம் சொல்லி வண்டியை விட்டு இறங்கு. இல்லாவிட்டால் நான் அவரிடம் போவேன். இந்தத் தடவை மைக் இருக்காது. அவர் இருப்பார், நான் இருப்பேன்.

நீ ஆயுசுக்கும் பேசாமல் இருந்தாலும் சரி.

கலையரசி


கல்லிடைக்குறிச்சி
28-9-2024

கலையரசிக்கு,

நீ போக வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நடை. சேரன்மகாதேவி தாண்டி வருகிறேன். ஒரு பெண் பிள்ளை சைக்கிளில் சாலையைக் குறுக்கே கடந்தாள். பிரேக்கை மிதித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மறுபடி மிதித்தேன், அதே கதை. கியரை இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினேன். சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இருக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துப் போய்விட்டாள்.

வண்டிக்குள் ஒரே கூச்சல். "ஏ டிரைவரு, தூங்குதீரா வே?" குனிந்து பார்த்தேன். பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு செருப்பு சொருகிக் கிடந்தது. யாருடைய செருப்பு என்று நினைத்தேன். என் வலது கால் வெறுங்காலாக இருந்தது.

செருப்பு கழன்றது தெரியவில்லை. வெறுங்காலோடு ஆக்சிலேட்டரை மிதித்ததும் தெரியவில்லை. பத்தமடையில் கழன்றதோ, அதற்கும் முன்னாலோ.

சுந்தர் வந்து எட்டிப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். திரும்பி ஆட்களிடம், "ஒண்ணுமில்ல, வண்டியில கம்பி சிக்கிட்டு, உக்காருங்க" என்றான். பொய் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினான். மெதுவாக ஊர் வரை ஓட்டி வந்தேன். இன்னொரு டிரைவரை வரவழைத்துச் சாவியைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து விஜயஸ்ரீயைக் கூப்பிட்டேன். மதினியிடம் செய்யச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிள்ளை என்றால் விளையாட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "வெரல் நுனியைத் தொடு மக்கா, எந்தக் காலுன்னு அப்பா சொல்லுதேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"தொடு மக்கா" என்றேன்.

"தொட்டுட்டேன்ப்பா" என்றாள்.

"மத்த வெரலையும் தொடு."

"ஆறையும் தொட்டுட்டேன். ரெண்டு தடவ. நீங்கதான் ஒண்ணுமே சொல்லல."

ஆறில் ஒன்றுகூட இல்லை.

பூக்குழியில் பட்ட புண் ஆறிவிட்டது என்று உன்னிடம் மதினி சொல்லியிருப்பாள். மேலே மூடியிருக்கிறது. உள்ளே இல்லை. பதினைந்து நாளாக வீட்டில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று அரிசிப் பானைகளை நகர்த்தித் தேடினோம். அது என் கால்.

முதலாளியிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். நான் எழுதியபடியே அன்பாகப் பேசினார். திங்கட்கிழமை காலை பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நீ அங்கன நில்லு. பேச வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

சிவசைலம்


தச்சநல்லூர்
17-11-2024

அண்ணனுக்கு,

வார்டில் பத்தொன்பது நாள் உன் பக்கத்தில் இருந்தும் இதைப் பேச முடியவில்லை. காகிதம்தான் நமக்குச் சரிப்படுகிறது.

இரண்டு விரலோடு போயிற்று என்று டாக்டர் சொன்னபோது, மதினி அதை நல்ல செய்தி என்று எல்லாருக்கும் போன் செய்தாள். உண்மையிலேயே நல்ல செய்திதான். உன் வார்டில் முழங்காலுக்குக் கீழ் ஒன்றும் இல்லாமல் ஆறு பேர் படுத்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு உன் வயதுகூட ஆகவில்லை. அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், ஆணி குத்திட்டு, கல் இடிச்சிட்டு, செருப்பு கடிச்சிட்டு. முள் குத்திட்டு என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன். ஒருவர் சொன்னார்.

பதினாலாம் தேதி சர்க்கரை நோய் தினம். பேரணி நடத்தினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருநூறு பேர் வெயிலில் அட்டை பிடித்து நடந்தார்கள். முடிவில் ஆளுக்கு ஒரு கிரீம் பிஸ்கெட் பாக்கெட், ஒரு மாம்பழ ஜூஸ். நன்கொடையாக வந்ததாம். நான் மேலதிகாரியிடம் கேட்டேன். "பிள்ளேளுக்கு ஒண்ணும் குடுக்காம அனுப்பவா சொல்லுதீங்க?" என்றார். அவரும் சர்க்கரைக்காரர். ஜூஸை அவர் குடிக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் என்னிடம், "உங்க அண்ணன மேடையேத்தலாமே, கால்கட்டோட. பத்து நோட்டீசுக்குச் சமம்" என்றார். பூக்குழிக் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தானே மைக்கில் சொன்னேன். முடியாது என்றேன். "பொதுநலம்மா" என்றார். கால் பொதுவானது இல்லை சார் என்றேன். முகம் கறுத்துவிட்டது. மார்ச்சில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை.

உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி இனி எங்கும் சொல்ல மாட்டேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் வழியில் வந்தது.

ஜங்ஷனில் இறங்கித் தச்சநல்லூருக்கு இப்போது நடந்தே போகிறேன். தெருவிளக்கு பாதி எரியவில்லை. பூங்கா கிடையாது. நாய் இருக்கிறது. வெள்ளை ஷூ இல்லை.

கலையரசி


கல்லிடைக்குறிச்சி
10-8-2025

கலையரசிக்கு,

இப்போது போனில் பேசிக்கொள்கிறோம். இருந்தாலும் இது எழுத்தில் இருக்கட்டும். உன் நம்பர் 5.6க்கு வந்துவிட்டது என்று மதினி சொன்னாள். எனக்கு 7.2. பத்தியம் இருந்து வாங்கிய நம்பர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் வேலை எனக்குப் பழகிவிட்டது. வண்டிகளை எழுதிவிட்டு அனுப்புகிறேன். நாலு டிரைவர்கள் இப்போது சீனி இல்லாமல் டீ குடிக்கிறார்கள். வந்துட்டா என்று கேட்கிறவனிடம் சுந்தர், "வரக்கூடாதுன்னுதாம்லே குடிக்கேன்" என்கிறான். அவனுக்கு இன்னும் வரவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஆடிக் கொடை முடிந்தது. பூக்குழி இறங்குகிறவர்களுக்கு எட்டு நாள் முந்தியே காப்புக் கட்டுவார்கள், உனக்குத் தெரியும். இந்த வருஷம் நான் கோயில் கமிட்டியில் போய், காப்புக் கட்டுமுன் ஒவ்வொருத்தர் காலையும் நான் பார்க்க வேண்டும் என்றேன். பெரிய சண்டை. "அம்மனையே சோதிக்கேரோ?" என்று குமரகுருபரன் எகிறினான். அரிசிக்கடை வைத்திருக்கிறானே, அவன்தான். "அம்மன எதுக்குவே சோதிக்கேன்? உம்ம உள்ளங்காலச் சோதிக்கேன்" என்று செருப்பைக் கழற்றி என் பாதத்தைக் காட்டினேன். இரண்டு விரல் இல்லாத பாதத்தைப் பார்த்த பிறகு யாரும் ரொம்பப் பேசவில்லை. கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் காட்டலாம் என்று முடிவானது. யாரையும் மேடையில் ஏற்றவில்லை. கோயில் பின்பக்கம், வாகனம் வைக்கிற அறையில் ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டேன்.

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். கண்ணை மூடச் சொல்லி, புது விளக்குமாற்று ஈர்க்கின் நுனியால் விரல்களைத் தொட்டேன். அப்படியே உள்ளங்காலில் ஒரு கோடு. ஒவ்வொருத்தனும் நெளிந்து துள்ளிச் சிரித்தான். "எண்ணே, கூசுது, விடுண்ணே!" "காலை நீட்டுலே, கல்யாணப் பொண்ணு மாதிரி இழுக்காத." வெளியே நின்றவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று கதவைத் தட்டினார்கள். சிரித்தவனெல்லாம் தேறினான்.

நாலு பேர் சிரிக்கவில்லை. நான் தொட்டு முடித்துக் கையை எடுத்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த முகம் தெரியும். குமரகுருபரன் நாலாவது.

நாலு பேரிடமும் தனியாகச் சொன்னேன். மூன்று பேர் நான் பொறாமையில் சொல்கிறேன் என்றார்கள். காப்புக் கட்டிக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமை இறங்கினார்கள். இறங்கி வந்து, சூடே தெரியவில்லை என்று ஒருவன் மைக்கில் சொன்னான். கூட்டம் குலவை போட்டது. அவர்கள் வீட்டுப் பெண்களிடம் நேற்றுப் போய்க் காலைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

குமரகுருபரன் காப்புக் கட்டவில்லை. கொடைக்கு வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, உன் ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறான். உன்னிடம் பெயரை மாற்றிச் சொல்லியிருப்பான். நீ கண்டுகொள்ளாதே.

நான் பூக்குழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விஜயஸ்ரீ பக்கத்தில் நின்றாள். கட்டையைக் கிளறும்போது ஒரு கங்கு தெறித்து என் வலது பாதத்தில் விழுந்தது. அவள்தான் பார்த்து, சட்டென்று கையால் தட்டிவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சுட்டுச்சாப்பா?"

"இல்ல மக்கா."

போன வருஷம் இதே 'இல்லை'க்குத்தான் குலவை போட்டார்கள். இந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போனோம். அவள் விரலில் தண்ணீர் ஊற்றினேன். அடியிலும் பட்டிருக்கிறதா என்று பார்க்க, அவள் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்தாள். நான் பாதத்தை அதற்கு மேல் தூக்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

சிவசைலம்